முன்னாள் படைவீரருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை: அமெரிக்கச் சட்டங்களில் பெண்களின் இடம் (1865–1979)

முன்னுரை

படைப்பணியிலிருந்து விடுபட்டோர் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அவர்களுக்கு முன்னுரிமை அளிக்கும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. இந்தியாவில் 1979ஆம் ஆண்டு விதிகள் நடுவணரசின் ‘சி’ பிரிவில் 10 விழுக்காடும் ‘டி’ பிரிவில் 20 விழுக்காடும் இடங்களை ஒதுக்கின. அமெரிக்க ஐக்கிய நாடுகளோ பெரும்பாலும் இடங்களை ஒதுக்காமல், தேர்வில் பெற்ற மதிப்பெண்ணைக் கூட்டியும் தகுதிப் பட்டியலின் வரிசையை மாற்றியும் இதைச் செய்தன. அம்முறையில் ‘படைவீரர்’ என்று எவர் கருதப்பட்டார், பெண்களுக்கு எவ்வழியில் இடம் கிடைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காயத்திலிருந்து மதிப்பெண்ணுக்கு

உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில், 1865 மார்ச் 3 அன்று, அமெரிக்கக் காங்கிரசு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பணியின்போது ஏற்பட்ட காயத்தாலோ நோயாலோ நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டோர், தகுதி இருப்பின், குடிமைப் பணிகளில் முன்னுரிமை பெறுவர் என்பது அதன் சாரம். உடலால் இழந்ததற்கான ஈடாகவே முன்னுரிமை அன்று எண்ணப்பட்டது. 1883இல் போட்டித் தேர்வு முறை வந்த பின்னும் இவ்வெண்ணம் நீடித்தது. 1888இன் விதிப்படி ஏனையோர் 70 மதிப்பெண் பெற வேண்டியிருக்க, ஊனமுற்ற படைவீரர் 65 பெற்றாலே போதும். பட்டியலில் முதலிடமும் அவர்க்கே.

1919ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வெல்லையைப் பெரிதும் விரித்தது. காயமடையாதோர் உட்பட நற்சான்றுடன் விடுபட்ட அனைவரும் முன்னுரிமைக்கு உரியோராயினர். அவர்களோடு படைவீரரின் கைம்பெண்களும், பணியாற்ற இயலாத அளவு காயமுற்றோரின் மனைவியரும் சேர்க்கப்பட்டனர். ஊனமுற்றோருக்கு 10, ஏனைய படைவீரருக்கு 5 என மதிப்பெண் கூட்டும் முறை 1923இல் தோன்றியது. 1944 ஜூன் 27 அன்று கையொப்பமான படைவீரர் முன்னுரிமைச் சட்டம், சிதறிக் கிடந்த இவ்விதிகளை ஒன்றாக்கியது. காவலர், தூதஞ்சல் ஊழியர், மின்தூக்கி இயக்குநர் போன்ற சில பணிகளை அது படைவீரர்க்கென்றே ஒதுக்கியது. 1948இல் மறைந்த படைவீரரின் தாய்மாருக்கும் இடம் கிடைத்தது.

மனைவி, கைம்பெண், தாய் என்னும் இவ்வரிசை கருதத்தக்கது. ஓர் ஆடவனோடு கொண்ட உறவின் வழியே பெண்ணுக்கு 10 மதிப்பெண் கிடைத்தது. அதுவும் காயமற்ற படைவீரர் பெற்றதைப் போல் இருமடங்கு. சட்டத்தின் கருணையை ஐயுற வேண்டியதில்லை. எனினும், பெண் தானே ஆற்றிய பணியைச் சான்றாகக் காட்டும் வாய்ப்பு அவளுக்கு எவ்வளவு இருந்தது என்பது வேறு வினா.

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 3,50,000 அமெரிக்கப் பெண்கள் சீருடை அணிந்தனர். அவர்கள் படைவீரராகவே ஏற்கப்பட்டனர். ஆனால் போர் முடிந்தபின், 1948ஆம் ஆண்டுச் சட்டம் நிலைப்படையில் பெண்களின் எண்ணிக்கையை 2 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. இவ்வரம்பு 1967 வரை நீடித்தது. ஆகவே முன்னுரிமைச் சட்டத்தில் ‘ஆண்’ என்னும் சொல்லே இல்லாதபோதும் அதன் பயன் பெரும்பாலும் ஆண்களையே சென்றடைந்தது.

ஹெலன் ஃபீனி வழக்கு

இதன் விளைவை மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் தெளிவாகக் காணலாம். அங்கு கூடுதல் மதிப்பெண் முறை இல்லை. தேர்ச்சி பெற்ற படைவீரர் எவரும், எவ்வளவு குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தாலும், படைவீரரல்லாதார் அனைவருக்கும் முன்னே வைக்கப்பட்டார். 1963இல் அம்மாநிலப் பணியில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்த ஹெலன் ஃபீனி, மேற்பதவிகளுக்குப் பல தேர்வுகள் எழுதினார். 1971இல் பல்மருத்துவத் தேர்வு வாரியப் பணிக்கான தேர்வில் இரண்டாவது உயர்ந்த மதிப்பெண் அவருடையது. பட்டியலிலோ ஐந்து ஆண் படைவீரர்க்குப் பின், ஆறாமிடத்தில் நின்றார். 1973இல் மற்றொரு தேர்வில் 12 ஆண் படைவீரர்க்குப் பின்னே வைக்கப்பட்டார். அவர்களுள் 11 பேர் அவரினும் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள். 1975இல் அவர் வகித்த பதவியும் நீக்கப்படவே, வழக்குத் தொடுத்தார்.

கூட்டரசின் மாவட்ட நீதிமன்றம் இருமுறை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1979 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்னும் பெரும்பான்மையில் அதனை மாற்றியது. மாநிலத்தின் படைவீரருள் 98 விழுக்காட்டுக்கு மேல் ஆடவர் என்பதை நீதிபதி ஸ்டூவர்ட் மறுக்கவில்லை. பெண்களுக்குத் தீங்கு நேரும் என்று தெரிந்திருந்தது மட்டும் போதாது. அத்தீங்கை நாடியே சட்டம் இயற்றப்பட்டது என்று நிறுவப்பட வேண்டும் என்பது அவர் வகுத்த அளவுகோல். படைவீரரல்லாத ஆடவரும் பின்தள்ளப்படுவதை அவர் சுட்டினார்.

நீதிபதி மார்ஷல் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் பிரென்னனும் இணைந்தார். இவ்விடத்தில் ஒரு விதிவிலக்கு கவனத்துக்குரியது: மாசச்சூசெட்ஸ் சட்டம், ‘பெண்கள் தேவை’ என்று குறித்துக் கேட்கப்பட்ட பணிகளை நெடுங்காலம் முன்னுரிமையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. அவை பெரும்பாலும் சுருக்கெழுத்து, எழுத்தர் நிலைப் பணிகள். முன்னுரிமை எவரை எங்கே நிறுத்தும் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திராமல் இவ்விலக்கு தோன்றியிருக்க இயலாது. பெரும்பான்மைத் தீர்ப்பு இதற்கு நிறைவான விடை தரவில்லை என்றே கட்டுரையாளர் கருதுகிறார்.

வானோட்டிகள்

இவ்வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 1943–44இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் படை விமானங்களை ஓட்டினர். 38 பேர் பணியில் உயிரிழந்தனர். எனினும் அவர்கள் குடிமை ஊழியராகவே வைக்கப்பட்டனர். அவர்களைப் படையில் சேர்க்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் அவை 1944 ஜூன் 21 அன்று தோற்கடித்தது. ஆறு நாள் கழித்து முன்னுரிமைச் சட்டம் கையொப்பமானது. போர்விமானம் ஓட்டிய பெண் அச்சட்டத்தின்படி படைவீரர் அல்லர்; காயமுற்ற படைவீரரை மணந்திருந்தால் மட்டும் 10 மதிப்பெண் கோரியிருக்கலாம். 1977இல்தான் காங்கிரசு அவர்களைப் படைவீரராக ஏற்க வழி செய்தது. ஃபீனி வழக்கில் தீர்ப்பு வந்த அதே 1979இல் விடுவிப்புச் சான்றுகள் அவர்களுக்கு வழங்கப்படலாயின. அப்போது அவர்கள் ஐம்பது வயதைக் கடந்திருந்தனர்.