மென்திறனும் மதிப்பெண்ணும்: வாய்மொழித் தேர்வு எதை அளக்கிறது?

மென்திறன் மிகுந்த மாணவர் கல்வியிலும் சிறப்பார் என்பது பல்கலைக்கழகங்களில் இன்று கேள்விக்கு உட்படாத கூற்றாகிவிட்டது. பேச்சுத்திறன், குழுவாக இயங்குதல், காலத்தைத் திட்டமிடுதல், தன்னம்பிக்கை ஆகியன இச்சொல்லுக்குள் அடங்குகின்றன. காலத்தைத் திட்டமிட அறிந்தவர் நன்கு பயில்வார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பேச்சும் தன்னம்பிக்கையும் வேறு வகையின. வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் மாணவரின் உச்சரிப்பும் உடல்மொழியும் ஆசிரியர் மனத்தில் பதிக்கும் எண்ணமே மதிப்பெண்ணாக மாறுகிறது. பிறகு அந்த மதிப்பெண்ணைக் காட்டி, மென்திறன் உடையவரே தேர்ச்சியிலும் முந்துகிறார் என்கிறோம். ஒன்றையே இருமுறை அளந்துவிட்டு இரண்டுக்கும் தொடர்பு கண்டதாக வியப்பது அறிவியலாகாது.

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இதற்குத் தெளிவான சான்று. அங்கு ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 70, வாய்மொழித் தேர்வுக்கு 30 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டிருந்தன. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் நேர்முகத்தில் பின்தள்ளப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் நிலவியது. சேர்க்கைத் தரவுகளை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு, வாய்மொழி மதிப்பெண்ணை 30-இலிருந்து 15-ஆகக் குறைக்க 2016-இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக்குழுவின் ஒழுங்குமுறை நேர் எதிர்த்திசையில் சென்றது. எழுத்துத் தேர்வு வெறும் தகுதித் தேர்வாகச் சுருங்க, சேர்க்கையை நேர்முகமே முடிவு செய்தது. 2018-இல் 70:30 விகிதம் திருத்தமாக வந்தது. அவ்வாண்டு டெல்லி உயர்நீதிமன்றமும் நேர்முகத்துக்கு முழு எடை தருவதை ஏற்கவில்லை.

எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி குறித்து சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007-இல் அளித்த அறிக்கையும் இதையே தொட்டது. செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் தாங்கள் நேர்மையாக மதிப்பிடப்படவில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் பெரும்பான்மையோர் அக்குழுவிடம் கூறியிருந்தனர்.

சட்டம் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்முகத்துக்கு 50 மதிப்பெண்ணும் வைத்திருந்தது. நேர்முகம் இரண்டு மூன்று நிமிடங்களே நடந்தது, பெற்றோர் யார், ஊர் எது என்றே கேட்டனர் என மனுதாரர்கள் முறையிட்டனர். பெற்றோரும் ஊரும் நம் நாட்டில் எதைக் காட்டிக்கொடுக்கும் என்பதை வாசகர் அறிவர். கல்லூரிச் சேர்க்கையில் மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றும், நேர்முகங்களை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. எனினும் காலம் கடந்துவிட்டதால் நடந்து முடிந்த சேர்க்கையை அது ரத்து செய்யவில்லை. நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

2024-இல் மானியக்குழு முனைவர் பட்டச் சேர்க்கைக்கு நெட் தேர்வைப் பயன்படுத்த வகுத்த முறையில், இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறாத பிரிவினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்முகத்துக்கு 30 விழுக்காடும் எடை தரப்படுகிறது. ஹாசியா தீர்ப்பு வகுத்த வரம்பின் இரு மடங்கு அது. ஒலிப்பதிவு இன்றும் பொது நடைமுறையாகவில்லை.

மென்திறன் பயிற்சியை நான் எதிர்க்கவில்லை. கிராமத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வருபவருக்கு ஆங்கிலப் பேச்சும் கட்டுரை எழுதும் முறையும் கற்பிக்கப்பட வேண்டும். கற்பிக்காத ஒன்றுக்கு மதிப்பெண் குறைப்பதே என் ஆட்சேபம்.

எழுத்து மதிப்பெண்ணுக்கும் வாய்மொழி மதிப்பெண்ணுக்கும் பெரும் இடைவெளி காணும் மாணவர் அதே வாரத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். தம் விடைத்தாளை மட்டுமன்றி, நேர்முகத்தின் மதிப்பீட்டு அளவுகோலையும், தேர்வானவர்களின் இருவகை மதிப்பெண்களைப் பிரிவுவாரியாகவும் கேட்க வேண்டும். விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை உச்சநீதிமன்றம் 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உறுதிசெய்துள்ளது. அளவுகோல் எதுவும் எழுதப்படவில்லை என்று பதில் வந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துக. வழக்கில் முதல் ஆவணமாக அதையே இணைப்போம்.