சண்டை ஓய்ந்த நிலத்தில் கேமரா: சென்னைப் படை அதிகாரிகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள், 1855–1886

மதுரை மாவட்டத்தைக் காட்டும் மிகப் பழைய புகைப்படத் தொகுப்புகளுள் ஒன்று 1858-இல் வெளிவந்தது. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். நான்கு பகுதிகளாக வந்த அந்தத் தொகுப்பில் மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் மஹால், தெப்பக்குளம், கோயில் நகைகள், வைகை எல்லாம் இருக்கின்றன. மேற்கே போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவும் இல்லை. அன்றைக்கு அவையும் மதுரை மாவட்டம்தான். இந்த விடுபாடு தற்செயலானதல்ல என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயணக் கேமரா, படை போன தடத்திலும் அரசாங்கம் காட்டிய தடத்திலும்தான் போயிற்று. சண்டை ஓய்ந்த இடங்களுக்கு அது அதிகாரியின் கையில் வந்தது. அவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனது. அப்படி வந்தவர்களில் சென்னைப் படையைச் சேர்ந்த இருவரின் படங்களை அடுத்தடுத்து வைத்தால், முப்பது ஆண்டுகளில் கேமராவின் பார்வை எப்படித் திரும்பியது என்பது தெரியவரும்.

தொடக்கம் பர்மாவில். 1852 போரில் கீழ் பர்மாவின் பெகு கம்பெனியின் கைக்குப் போனது. மூன்று ஆண்டு கழித்து, 1855 ஆகஸ்டில், கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி அனுப்பிய தூதுக்குழு ஆர்தர் ஃபேர் தலைமையில் ஐராவதி வழியே மிண்டோன் மன்னரின் அமரபுர அரசவைக்குப் புறப்பட்டது. படம் வரையக் கோல்ஸ்வொர்தி கிராண்ட் போனார், புகைப்படம் எடுக்க டிரைப் போனார். மழை, காய்ச்சல், பயண நெருக்கடி எல்லாம் போக, உண்மையில் வேலை செய்ய முடிந்தது முப்பத்தாறு நாள்தான் என்று டிரைப்பே பதிவு செய்திருக்கிறார். அதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். அவற்றில் 120 படங்கள் தேர்ந்து பின்னர் தொகுப்பாயின. பகோடாக்கள், மடங்கள், பாலங்கள், நதிக்கரைகள் என்று அத்தனையும் அழகு. அந்த அழகின் நடுவே, நாட்டின் பாதியைத் தோற்ற மக்களைக் காண்பது அரிது.

டிரைப்பின் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அவர் கண்ணாடியைவிடக் காகிதத்தை அதிகம் நம்பினார். நல்ல காகிதத்தில் மெழுகேற்றி, அயோடைடு கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, எடுப்பதற்கு முன் வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து ஒளியுணர்வு ஏற்றுவார்கள். கேமராவில் வைத்தால் படம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். அந்தக் காகிதத்துக்கு நீலநிறத்தில்தான் வேகம் அதிகம். ஆகவே கட்டடம் சரியாகப் பதிவதற்குள் வானம் முற்றும் கறுத்துப்போய், பிரிண்டில் வெறும் வெள்ளையாக நிற்கும். டிரைப் நெகட்டிவின்மேல் சாயம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரங்களின் இலைத் திரளையும் அப்படியே திருத்தினார். இன்று நாம் ரசிக்கும் பர்மிய வானத்தில் பாதி அவர் கைவேலை. ஆவணம் என்ற பெயரில் வந்த படங்களிலேயே இவ்வளவு கை பட்டிருக்கிறது என்பதை ஆய்வாளர் மறக்கக் கூடாது.

1856-இல் அவர் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரானார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றி, 1858 ஏப்ரல் இறுதியில் சென்னை சேர்ந்தார். ராயக்கோட்டை 1791-இல் மைசூர்ப் போரில் பிடிபட்ட மலைக்கோட்டை. தெற்கத்திப் பாளையங்களின் கிளர்ச்சி 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதோடு அடங்கியது. ஆக, டிரைப் வந்தபோது சண்டையின் நினைவுக்கு ஐம்பது அறுபது வயது. எதிர்த்து நின்ற கோட்டைகள் படத்துக்கு நல்ல இடங்களாகிவிட்டன. இந்தப் பயணத்தின் சிகரம் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டு. இருபத்தொரு பிரிண்டுகளை ஒட்டி, ஏறத்தாழ பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். கல்வெட்டியலுக்குப் புகைப்படத்தின் பயனை இவ்வளவு துணிச்சலாகக் காட்டியவரைக் காண்பது அந்நாளில் அரிது. அச்சு வேலையில் அவருக்குத் துணைநின்றவர் சென்னைக் கலைப்பள்ளியைச் சேர்ந்த சி. ஐயாசாமி. அவருடைய பெயர் மிஞ்சியதே பெரிது.

அதே 1858-இன் முன்பாதியில் வடக்கே இன்னொரு கேமரா வேலை செய்துகொண்டிருந்தது. போர்ப் புகைப்படக்காரர் ஃபெலீஸ் பியாட்டோ லக்னோ வந்து, முந்தைய நவம்பரில் கிளர்ச்சிச் சிப்பாய்கள் கொன்று குவிக்கப்பட்ட சிக்கந்தர் பாக் முற்றத்தை எடுத்தார். சிதைந்த மண்டபத்தின் முன் எலும்புகள் பரந்து கிடக்க, உயிருள்ள சிலரும் அசையாமல் நிற்கும் படம் அது. எலும்புகள் படத்துக்காகவே பரப்பப்பட்டவை என்பது ஆய்வாளர்களிடையே பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. நெகட்டிவ் வேகம் குறைந்தது, அதனால்தான் மனிதர்கள் படத்தில் இல்லை என்று டிரைப்புக்காக வாதாடுவோருக்கு இந்தப் படமே பதில். பியாட்டோவின் கண்ணாடி நெகட்டிவும் வேகமானதல்ல. ஆளை நிறுத்த நினைத்தவர் நிறுத்தினார். டிரைப்புக்குச் சம்பளம் கொடுத்த அரசாங்கம் கேட்டது கட்டடங்களையும் தொன்மைகளையும். பியாட்டோவின் படங்களை வாங்கக் காத்திருந்தது பழிவாங்கல் கதையைத் தேடிய சந்தை. காசு யாருடையது என்பதுதான் படச் சட்டத்துக்குள் யார் வருவது என்பதை முடிவு செய்தது.

1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இந்த வேலையை ஆடம்பரச் செலவாகக் கருதி நிறுத்தினார். டிரைப்பின் முயற்சி அத்தோடு முடிந்தது.

அடுத்த கட்டம் ஆப்பிரிக்காவில். 1867–68-இல் அபிசீனிய மன்னர் தெவோத்ரோஸ்மேல் ஏவப்பட்ட படை இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பாதை வெட்டும் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அதில் போனது; அபிசீனியா என்பது இன்றும் அதன் போர்ச் சிறப்புகளில் ஒன்று. 1868 ஏப்ரல் 13-இல் மக்தலா மலைக்கோட்டை விழுந்தது, மன்னர் தன் கையாலேயே உயிரை விட்டார். கூடப்போன ராயல் எஞ்சினியர்ஸ் புகைப்படக்காரர்கள் முகாமையும் மலைப்பாதையையும் மீட்கப்பட்ட கைதிகளையும் எடுத்தார்கள். பாதை வெட்டியவர்களில் தமிழ் பேசியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தப் படங்களைக் கொண்டு அவர்களை அடையாளம் காண வழியில்லை.

கேமரா மனித உடலை நேராகப் பார்த்தது தாது வருஷப் பஞ்சத்தில். 1876–78-இல் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பஞ்சம் அது. சென்னைப் படையின் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்த படங்கள் இன்றும் கண்ணைக் கூச வைக்கின்றன. உட்கார வைத்தார் என்பதுதான் முக்கியம். முதுகெலும்பு தெரிய ஒருவர், விலா தெரிய ஒருவர் என்று அமைத்திருக்கிறார். அந்தப் படங்கள் பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குச் சொல்லின, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்தவர் யார், எந்த ஊர், பிழைத்தாரா என்ற கேள்வி எதற்கும் அவற்றில் இடமில்லை.

இதே ஹூப்பர் 1885-இன் மூன்றாம் பர்மியப் போருக்குப் பின் மாண்டலேயில் தண்டனை நிறைவேற்றும் ராணுவ அதிகாரியாக இருந்தார். கைதிகளைச் சுட்டுக்கொல்லும் நேரத்தில் படமெடுத்தார். துப்பாக்கி முழங்கும் கணத்தைப் பிடிப்பதற்காக உத்தரவைத் தாமதித்தார் என்ற குற்றச்சாட்டு 1886-இல் லண்டன் பத்திரிகைகளில் எழுந்து, விசாரணை நடந்து, கண்டனத்தோடு முடிந்தது. அதற்குள் ஜெலட்டின் உலர்தகடு வந்துவிட்டது. ஒரு கணத்தைப் பிடிப்பது கைக்கெட்டும் காரியமாகியிருந்தது. டிரைப் ஆளில்லாமல் எடுத்த அதே பர்மாவில், முப்பது ஆண்டு கழித்து, சாகப்போகிறவரே படமானார். இடையில் கேமரா வேகமடைந்தது உண்மை. எதிரே நிற்பவரிடம் அனுமதி கேட்கும் பழக்கம் மட்டும் வேகத்தோடு வரவில்லை.

போடிச் சரிவின் கதை இங்கேதான் சேர்கிறது. பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877 ஜூலையில், ஜே.டி. மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து மூணாற்றுப் பகுதியின் கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். தோட்டம் போட ஆள் வேண்டியிருந்தது. கீழே போடிப் பக்கத்து மக்களுக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள ரயில் வந்தது, 1908-இல் அது நீராவி ரயிலானது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே வெளியூர் போயின. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் அக்காலப் படங்களைப் பார்க்கலாம். துரைமாரின் வாழ்க்கையும் ரயிலும் தோட்டமும் நன்றாகப் பதிந்திருக்கின்றன.

மூட்டை சுமந்து மலையேறியவர்களின் வரலாற்றை இந்த ஆல்பங்களைக் கொண்டு மட்டும் எழுத முடியாது. போடி, தேவாரம், பொட்டிபுரம், கம்பம் வீடுகளில் சுவரிலும் டிரங்குப் பெட்டியிலும் இருக்கும் பழைய ஸ்டூடியோ படங்களைத் திரட்ட வேண்டும்: கல்யாணக் கோலம், பேரப்பிள்ளையோடு நிற்கும் கங்காணி, ஏலக்காய்க் கடை முதலாளியும் கணக்குப்பிள்ளையும். அந்த முகங்களை இன்னார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயரும் ஊரும் வருஷமும் பென்சிலால் எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.