பைத்தியத்தின் ஓவியம் யாருடைய பிரதி?

ஓவிய சிகிச்சை என்ற சொற்சேர்க்கை பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை, காசநோய் விடுதியில் பிறந்தது. 1938இல் இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் விடுதியில் படுக்கையில் கிடந்த ஓவியர் ஏட்ரியன் ஹில் பொழுது போகாமல் வரையத் தொடங்கினார். பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 1942இல் இதற்கு அவர் இட்ட பெயர்தான் ‘ஆர்ட் தெரபி’. நுரையீரல் நோயாளிகளுக்காகச் சொல்லப்பட்ட வார்த்தை மனநோய் விடுதிக்குள் போனபோது யாருக்காக வேலை செய்தது என்பதுதான் என் கேள்வி. நான் படித்தது தமிழ் எம்.ஏ. எனக்கு மருத்துவம் தெரியாது, தூரிகை பிடித்ததும் இல்லை. ஆனால் ஒரு பிரதி யாருடையது, அதற்கு உரை சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற சண்டை எங்கள் வீட்டுச் சண்டை.

ஹில்லோடு சேர்ந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஓவியங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவர் எட்வர்ட் ஆடம்சன். சரே மாவட்டத்தின் நெதர்ன் மனநோய் ஆஸ்பத்திரி 1946இல் அவரை வேலைக்கு எடுத்தது. (1909இல் திறந்த அந்த ஆஸ்பத்திரி 1994இல் மூடப்பட்டு, இப்போது குடியிருப்பாகிவிட்டது.) எடுத்தவர் அங்கே தலைமை மருத்துவராக இருந்த எரிக் கன்னிங்ஹாம் டாக்ஸ். வேலைக்கான நிபந்தனைகளைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும், பிறகு வராது. கற்றுக்கொடுக்கக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. வரைந்ததற்கு அர்த்தம் சொல்லக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே வண்ணங்கள், ஒரே மாதிரி நிலைச்சட்டம். முடிந்த படம் டாக்டர்களிடம் போய்விடும். டாக்ஸுக்கும் அவரது சகா பிரான்சிஸ் ரீட்மனுக்கும் வேண்டியிருந்தது தடயம்; ஓவியம் அல்ல. மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை வெட்டும் லூக்காடமி அப்போது நெதர்னில் நடந்துகொண்டிருந்தது. வெட்டப்பட்டவர்களின் படங்களும் ஆய்வுக்குள் அடக்கம். ‘சைக்காட்டிக் ஆர்ட்’ என்ற ரீட்மனின் புத்தகம் 1950இல் வந்தது. பித்தத்தின் வரலாற்றை ஃபூக்கோ எழுதியது 1961இல். மருத்துவப் பார்வையின் கீழ் பித்தம் மௌனமாக்கப்பட்டது என்று அவர் சொல்வதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, மௌனமாக இரு என்று நிபந்தனை போட்டு ஒரு ஓவியரைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தது இந்த அறை!

ஆனால் கதை இதோடு முடியவில்லை. ஆய்வுக்கூடம் கேட்ட மௌனத்தை ஆடம்சன் வேறொன்றாக மாற்றிக்கொண்டார். பேசாமல் கூட உட்கார்ந்திருப்பது. 1981இல் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தார். டாக்டர்கள் படத்தில் நோயைத் தேடினார்கள். வரைகிற செயலிலேயே குணம் இருக்கிறது என்று 1984இல் அவர் எழுதினார். எனக்கு இதில் பாதிச் சம்மதம்தான். பூட்டிய வார்டுக்குள் வரைகிறவனுக்கு வார்டின் பூட்டைப் பற்றி யாராவது பேச வேண்டாமா? அர்த்தம் சொல்லாதிருப்பது மரியாதை. எதுவுமே சொல்லாதிருப்பது சில நேரம் நிர்வாகத்தோடு ஒத்துப்போவதுதான். ஆனாலும் ஆடம்சன் கைக்கு வந்த ஒரு சில படங்கள் என்னைத் தடுக்கின்றன. பூட்டிய வார்டில் இருந்த ஒருவர், எரிந்த தீக்குச்சியின் கரியால், கக்கூஸ் காகிதத்தில் வரைந்த முகங்களும் மிருகங்களும் அவை. யாரும் தாளோ வண்ணமோ கொடுப்பதற்கு முன்பே, எந்தச் சிகிச்சைக்கும் முன்பே, அவர் வரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். சிகிச்சை அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

அதே 1946, செப்டம்பர். ரியோ டி ஜெனீரோவின் எங்கென்யோ டி டென்ட்ரோ பகுதியில் இருந்த மனநோய் மருத்துவமனையில் இன்னொரு ஓவிய அறை திறக்கிறது. திறந்தவர் நிஸே ட சில்வெய்ரா என்ற பெண் மருத்துவர். 1936இல் மார்க்சியப் புத்தகங்கள் வைத்திருந்ததாக நர்ஸ் ஒருவர் காட்டிக்கொடுத்து, ஒன்றரை வருஷம் சிறையில் இருந்தவர். 1944இல் வேலைக்குத் திரும்பியபோது மின்அதிர்ச்சி கொடுக்க மாட்டேன் என்று மறுத்தார். யாரும் மதிக்காத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுதான் அவருக்குக் கிடைத்தது. அங்கே நோயாளிகள் தரை கூட்டிக்கொண்டிருந்தார்கள். அல்மீர் மவினியே என்ற இளம் ஓவியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர்கள் கையில் நிஸே தூரிகையைக் கொடுத்தார். 1924இல் உள்ளே போட்ட எமிஜியோ 1947இல்தான் அந்த அறைக்கு வந்தார். இருபத்து மூன்று வருஷம்! வந்தவர் பிரேசிலின் முக்கியமான ஓவியர்களில் ஒருவராகிவிட்டார். 1949இல் சாவோ பாவ்லோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒன்பது பேரின் கண்காட்சி நடந்தது. இதெல்லாம் கலையா என்று பத்திரிகைகளில் சண்டை. கலைதான் என்று வாதாடியவர் விமர்சகர் மாரியோ பெத்ரோசா.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் லூசியோ. களிமண்ணில் போர்வீரர்களைச் செய்தவர். நிஸே எதிர்த்தும் அவருக்கு லோபாடமி செய்யப்பட்டது. அதற்குப் பிறகு அவர் கையிலிருந்து வந்தவை பழைய கையின் நிழல்கூட இல்லை. அதே 1949இல் இந்த வெட்டுமுறையைக் கண்டுபிடித்த எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு! லூசியோவின் முன்னும் பின்னுமான உருவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிஸே 1955இல் கட்டுரை எழுதினார். நெதர்னில் சேர்ந்த அதே வகைப் பொருள்தான், ஆனால் அங்கே மருத்துவருக்குத் தடயமாக இருந்தது இங்கே மருத்துவத்துக்கு எதிரான சாட்சியாகிறது. ஒரு பிரதி எந்தக் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் தலைகீழாகிறது என்று நாம் கோட்பாடு பேசுகிறோமே, அதற்கு இதைவிட ரத்தமும் சதையுமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நிஸேயையும் கும்பிட வேண்டியதில்லை. நோயாளிகளின் வட்டச் சித்திரங்களை 1954இல் யுங்குக்கு அனுப்பி, மண்டலம் என்று அவர் சொன்னதும் மகிழ்ந்துபோனார். அதன் பிறகு எல்லாப் படத்திலும் ஆதிப்படிமம். ரீட்மன் படத்தில் நோயைப் படித்தார், நிஸே மானுட குலத்தின் ஆழ்மனத்தைப் படித்தார். இரண்டிலும் வரைந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறார். ஆனால் ஒரு வித்தியாசம். 1952இல் நிஸே நிறுவிய அருங்காட்சியகம் ஆழ்மனப் படிமங்களின் பெயரில் இருக்கிறது, அவர் பெயரில் இல்லை. அங்கே எமிஜியோ எமிஜியோதான். நெதர்னில் வரையப்பட்டவை ஒரு லட்சம் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மிஞ்சியது ஏறக்குறைய 6,000. அதற்குப் பெயர் ஆடம்சன் தொகுப்பு, இப்போது பெரும்பகுதி லண்டனில் வெல்கமிடம். ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட டாக்ஸ் அங்கே சேர்த்தது டாக்ஸ் தொகுப்பு. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. யாராவது அதைப் பூரிக்கோ தொகை என்கிறோமா? பெயர் தெரியாத புலவருக்கு அவர் சொல்லையே பெயராக்கி செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்று எழுதிவைத்த மரபு நம்முடையது. நோயாளியின் பெயரை மறைப்பது அவர் பாதுகாப்புக்கு என்பார்கள். உண்மைதான், மறைந்திருக்க விரும்புகிறவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டா மறைத்தார்கள்?

ஓவிய சிகிச்சையாளர்களுக்கு 1964இல் பிரிட்டனில் சங்கம் வந்தது, 1997இல் அரசுப் பதிவு. இன்று அங்கே பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. தொழிலுக்கு வேலி கிடைத்தது, சரி.

நெதர்னில் இருந்த இன்னொருவரைப் பற்றி நம் கோட்பாட்டாளர்கள் எழுதக் காணோம்: வில்லியம் குரேலெக், கனடாவிலிருந்து வந்த இளம் ஓவியர். நெதர்னுக்கு வருமுன் 1953இல் லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் ‘தி மேஸ்’ என்ற படத்தை வரைந்தார். பிளந்து கிடக்கும் ஒரு மண்டை, உள்ளே அறை அறையாகத் தடுப்பு, ஒவ்வொரு அறையிலும் அவர் வாழ்க்கையின் ஒரு காட்சி. டாக்டர்கள் அர்த்தம் தேடுவதற்கு முன்பே அறை அறையாக அவரே உரை எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் வரைந்தார் என்றும் பின்னால் சொல்லியிருக்கிறார்: தன்னை வெளியே அனுப்பிவிடாமல் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தான் ஒரு நல்ல மாதிரி என்று டாக்டர்களுக்குக் காட்டத்தானாம்.