அத்திபெலே: பெங்களூருவின் தெற்கு வாசல்

கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்பவர் கர்நாடகத்தில் முதலில் காணும் ஊர் அத்திபெலே. தமிழ்நாட்டு எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தாண்டியதும் கடைப் பலகைகள் கன்னடத்துக்கு மாறிவிடும். டீக்கடைப் பேச்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அப்படியே கலந்து கிடக்கும்.

இந்த எல்லை மிகப் பழையதன்று. திப்பு சுல்தான் காலத்தில் ஓசூர், அத்திபெலே அடங்கிய ஆனேக்கல் இரண்டும் மைசூர் ஆட்சியில்தான் இருந்தன. 1799-ல் திப்பு மாண்டபின் நடந்த பங்கீட்டில் ஓசூர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்ப் பின்னர் சேலம் ஜில்லாவில் சேர்ந்தது; ஆனேக்கல் மைசூர் உடையார்களிடம் நின்றது. 1956-ல் மாநிலங்களைத் திருத்தியமைத்தபோதும் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே தங்கிவிட்டது. ஆனால் எல்லை பிரிந்ததால் போக்குவரத்து நின்றுவிடவில்லை. 1878-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி கல்லூரி படித்தது பெங்களூருவில்.

லாரி ஓட்டுநர்களுக்கு அத்திபெலே என்றால் சோதனைச் சாவடிதான். ஆனால் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகளுக்கு வேலையில்லாமல் செய்தது. தீபாவளி நேரத்தில் ஊரின் முகமே வேறு: சாலையோரமெங்கும் பட்டாசுக் கடைகள். 2023 அக்டோபரில் அப்படியொரு கடையில் பற்றிய தீ, 14 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது; இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள்.

சந்தாபுரா, பொம்மசந்திரா கடந்ததும் எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள். 1970-களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் தொடங்கியது அது. புதிதாக வருபவர் இதைப் பார்த்துப் பெங்களூருவை நேற்று முளைத்த ஊர் என்று எண்ணிவிடுவது இயல்பு.

அந்த எண்ணத்தை மாற்ற மடிவாளா போதும். தமிழ்நாட்டுத் தனியார் பேருந்துகள் விடியற்காலையில் ஆட்களை இறக்கிவிடும் அதே மடிவாளாவில் ஒரு சோமேசுவரர் கோயில் உண்டு. அதன் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள். அவற்றில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வெங்காளூர்ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைத் தானமளித்ததைக் கூறுகிறது. பெங்களூருவை நிறுவிய கெம்பே கௌடர் 1537-ல் கோட்டை கட்டுவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு முந்தியது இது.

அடுத்த பெரிய தமிழ்க் குடியேற்றம் 1809-ல் அல்சூர் அருகே ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் (கண்டோன்மென்ட்) பகுதியோடு வந்தது: சென்னைப் படையின் சிப்பாய்கள், அவர்களை நம்பி வந்த வணிகர்கள், சமையல்காரர்கள், கூலியாட்கள். கெம்பே கௌடரின் பழைய நகரான பேட்டையும் இந்தத் தண்டும் நெடுங்காலம் தனித்தனி நிர்வாகத்தில் இயங்கின; 1949-ல்தான் ஒரே மாநகராட்சியாயின.