யாக்கிதோரி: பெயரில் கோழி, குச்சியில் எது?

சில்லு பொருத்திய மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை விசா இல்லாமல் ஜப்பானில் சுற்றலாம். இந்தச் சலுகை 2013 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. டிக்கெட் எடுத்த மறுநாளே நம் வீடுகளில் தொடங்கும் கவலை சாப்பாடுதான். மாடு சாப்பிடாதவர் ஒருவர், பன்றி வேண்டாம் என்பவர் ஒருவர், வெள்ளிக்கிழமை சைவம் என்பவர் ஒருவர். பெட்டியில் மெகி பொட்டலங்கள் ஏறுவது இதனால்தான்.

அப்படிப்பட்ட குடும்பத்திற்கு எல்லாரும் சொல்லும் யோசனை, "யாக்கிதோரி கடைக்குப் போங்கள், கோழிதானே" என்பது. யாக்கி என்றால் சுட்டது, தோரி என்றால் பறவை. நம் சாத்தேயைப் போலவே மூங்கில் குச்சியில் கோத்துக் கரி அடுப்பில் வாட்டுவார்கள். மஞ்சளும் செராயும் போட்டு ஊற வைப்பதில்லை, கச்சாங் குழம்பும் கிடையாது. உப்பு மட்டும் தூவினால் அது 'ஷியோ'. கிச்சாப், மிரின், சாக்கே, சீனி சேர்த்துக் காய்ச்சிய சாற்றில் தோய்த்தால் அது 'தாரே'. மிரினும் சாக்கேயும் அரிசி மது வகைகள். மது வேண்டாதவர்கள் ஷியோ கேட்பதே சரி.

ஆனால் பெயரை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஜப்பானில் கோழி ஒரு காலத்தில் விலை உயர்ந்த இறைச்சி. 1960-களில் பிராய்லர் பண்ணைகள் பெருகிய பிறகுதான் அது எளியவர்களுக்கு எட்டியது. அதற்கு முன் தள்ளுவண்டிக் கடைகளில் குச்சியில் ஏறியது பெரும்பாலும் மலிவான குடல், ஈரல் வகைகள். அந்த வழக்கம் சில ஊர்களில் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஹொக்காய்டோவின் முரோரானில் யாக்கிதோரி கேட்டால் வருவது வெங்காயத்தோடு கோத்த பன்றி. தோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமாவின் ஹிகாஷி மத்சுயாமாவில் பன்றித் தலை இறைச்சி. புக்குவோக்காவில் கோழியோடு பன்றி வயிற்றிறைச்சியும் கட்டாயம் இருக்கும்.

தோக்கியோவிலும் இதே கதைதான். ஷின்ஜுக்கு நிலையத்தின் மேற்கு வாசல் அருகே உள்ள ஒமோய்தே யோக்கோச்சோ, சுற்றுப்பயணிகள் படம் பிடிக்க மொய்க்கும் சந்து. போருக்குப் பிந்திய கள்ளச் சந்தையிலிருந்து வளர்ந்த இடம் அது. அங்குள்ள பழைய கடைகள் பலவற்றில் பன்றிக் குடல்தான் சிறப்பு. பார்த்துவிட்டு வரலாம், சாப்பிட வேறு இடம் தேடுவது நல்லது என்பது என் எண்ணம்.

பலகையில் 'யாக்கிதோன்', 'மோத்சுயாக்கி' என்றிருந்தால் நமக்கு ஆகாது. முன்னது பன்றி, பின்னது குடல் வகை. 'சுமிபி' என்றிருந்தால் கரி அடுப்பு, நல்ல அறிகுறி. நல்ல கடைகள் வாக்காயாமா பகுதியின் பின்சோத்தான் கரியைப் பெருமையாகச் சொல்லும். அது அதிகம் புகையாமல் நின்று எரியும் கட்டைக் கரி. 'ஹினாய்', 'நகோயா கோச்சின்', 'சாத்சுமா' ஆகிய நாட்டுக்கோழிப் பெயர்கள் பட்டியலில் இருந்தால் அந்தக் கடைக்காரர் கோழியை மதிக்கிறார் என்று பொருள். விலையும் ஏறியிருக்கும்.

தேடும்போது ஆங்கிலத்தில் தேடாதீர்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் 'யாக்கிதோரி' என்பதை ஜப்பானிய எழுத்துக்கு மாற்றி, தங்கும் விடுதிக்கு அருகிலுள்ள நிலையத்தின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். கூகுளில் 4.8 வாங்கி, விமர்சனம் முழுக்க வெளிநாட்டார் எழுதியதாக இருந்தால் அது பயணிகளுக்கான கடை. ஜப்பானியர் பார்ப்பது தாபெலோக் தளத்தை. அங்கே புள்ளி போடுவதில் கஞ்சத்தனம் அதிகம், 3.5 தாண்டினாலே சிறந்த கடை. நம் கண்ணுக்கு 3.3 குறைவாகத் தெரியும், அதைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம். உணவுப் படங்களையும் திறந்து பாருங்கள். தொடை, இறக்கை, தோல், ஈரல் என்று கோழியின் உறுப்புகளே வரிசையாக வந்தால் அது கோழிக்கடை.

பெரும்பாலான கடைகள் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் திறக்கும். வாசலில் சிவப்பு லாந்தர் எரிந்து, துணித்திரை தொங்கினால் வியாபாரம் நடக்கிறது. ஷிம்பாஷி போன்ற அலுவலக வட்டாரங்களில் ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும். பத்துப் பேர் உட்காரும் கடைக்கு எட்டுப் பேர் குடும்பமாகப் போனால் இடம் கிடைக்காது, இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போகலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் வாசல் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டப்படி, சில சிறிய கடைகள் புகைபிடிக்க இடம் தரலாம். அங்கே 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நுழையக் கூடாது. குடும்பத்திற்குத் தோரிக்கிசோக்கு போன்ற தொடர்கடைகள் வசதி. எல்லாவற்றுக்கும் ஒரே விலை, திரையைத் தொட்டு ஆர்டர் செய்யலாம்.

உட்கார்ந்ததும் "தோரினிக்கு தாக்கே ஒநெகாய்ஷிமாஸ்" என்று சொல்லுங்கள். கோழி இறைச்சி மட்டும் கொடுங்கள் என்று பொருள். முதலில் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். அது 'ஓதோஷி', இலவசமன்று, ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். ஏமாற்று என்று சண்டை வேண்டாம், ஊர் வழக்கம்.

புதியவர்கள் 'மோமோ' (தொடை), 'நெகிமா' (தொடையும் பெரிய வெங்காயத்தாளும்), 'தெபாசாக்கி' (இறக்கை) என்று தொடங்கலாம். என் கணக்கில் நல்ல கடையைக் காட்டிக்கொடுப்பது 'கவா', அதாவது தோல். வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே கொழுப்பு உருகியும் வந்தால் கைதேர்ந்தவர். 'த்சுக்குனே' என்ற கொத்துக்கோழி உருண்டையில் சில இடங்களில் பன்றி கலக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். சைவக்காரர்களும் கவனிக்க வேண்டும்: அஸ்பராகஸ், தக்காளிக் குச்சிகளைப் பன்றி இறைச்சியால் சுற்றித் தருவது வழக்கம். காளான், மிளகாய்க் குச்சிகள் தனியாகக் கிடைக்கும், ஆனால் அடுப்பு ஒன்றுதான். ஹலால் வேண்டுவோர் அதற்கென்றே உள்ள கடைகளைத் தேடுவதே பாதுகாப்பு.

'சசாமி' என்ற நெஞ்சிறைச்சியைச் சில கடைகள் நடுவில் பச்சையாகவே தரும், 'தோரிசாஷி' முழுப் பச்சை. அங்குள்ள சுகாதார அமைச்சே கிருமித் தொற்று குறித்து எச்சரிக்கும் உணவு இது. பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் வேண்டாம்.

சின்னக் கடைகளில் ரொக்கம் மட்டும் வாங்குவோர் இன்னும் உண்டு. பட்டியல் விலையில் 10 விழுக்காட்டு வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிப்ஸ் கிடையாது. மேசையில் சில்லறை விட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி வருவார்கள்.