அரசலாற்று மணலில் ஒரு கற்பனைப் போர்

வரலாற்றுப் பாடம் முடிந்ததும் மாணவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் வினா ஒன்று உண்டு. "இராசேந்திர சோழனின் வீரனும் வெள்ளைக்காரனின் துப்பாக்கி வீரனும் நேருக்கு நேர் மோதியிருந்தால் வென்றிருப்பது யார்?" ஆசிரியர்கள் இதைச் சிரித்து ஒதுக்கிவிடுவது வழக்கம். இருவரும் எழுநூறு ஆண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள், எங்ஙனம் மோதுவார்கள்? ஆயினும் இது வீண் வினா அன்று. கொஞ்சம் பௌதிகமும் கொஞ்சம் கணக்கும் கொண்டு அணுகினால், போர் என்பதைப்பற்றி நாம் அறியாத சில செய்திகளை இது சொல்லித் தரும்.

இந்த மோதலுக்கு ஏற்ற களம் காரைக்கால். அரசலாறு கடலில் கலக்கும் ஊர் இது. தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் சோழர் துறைமுகமான நாகப்பட்டினம். 1025ஆம் ஆண்டில் சோழர் கடற்படை கடாரம் நோக்கிச் சென்றது இக்கடலின் மீதுதான். 1739ஆம் ஆண்டில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அவர்கள் ஆட்சி, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய காலம் நீங்கலாக, 1954 வரை நீடித்தது. ஆகவே நம் இரு வீரர்களும் ஒரே மணலில் கால் பதித்திருக்கக் கூடியவர்களே.

தனியனும் தனியனும்

அரசலாற்றின் முகத்துவாரத்தில் இருவரையும் நிறுத்துவோம். ஒருவன் 1025ஆம் ஆண்டின் சோழ வீரன். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் சோழர் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயர்களைத் தருகின்றன. வில்லாளிகளும் வாள் ஏந்தியோரும் யானைப்படையினரும் குதிரைச் சேவகரும் அவற்றுள் உண்டு. நம் வீரனுக்கு வாளும் கேடயமும் வில்லும் கொடுப்போம். மற்றவன் 1746ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் காலாள். அவன் கையில் சக்கிமுக்கித் துப்பாக்கி. அதன் முனையில் 'சனியன்' எனப்படும் குத்தீட்டி.

ஆயுதங்களின் ஆற்றலை முதலில் பார்ப்போம். இயக்க ஆற்றல் என்பது நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கிய தொகை என்பது நாம் அறிந்ததே. 30 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால் அதன் ஆற்றல் 37.5 ஜூல். அக்காலத் துப்பாக்கியின் ஈயக் குண்டு ஏறத்தாழ 27 கிராம். குழலை விட்டு வெளிவரும்போது வேகம் நொடிக்கு 400 மீட்டர் எனலாம். ஆற்றல் 2,160 ஜூல். அம்பைப்போல் 57 மடங்குக்கும் மேல்! கேடயம் இதற்கு முன் நிற்காது.

இத்துடன் நிறுத்திவிட்டால் துப்பாக்கிக்கே வெற்றி என்று தோன்றும். ஆனால் குண்டு இலக்கில் பட்டால்தானே? அக்காலத் துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழவழப்பானது; குண்டைச் சுழலச் செய்யும் திருகு வரிகள் இல்லை. மேலும் விரைவாகத் திணிக்க வசதியாகக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாக வார்க்கப்பட்டது. சுடும்போது அது குழலுக்குள் தட்டுத் தடுமாறி, கடைசியாகப் பட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விலகிப் பறக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரஷிய நாட்டில் ஒரு சோதனை நடத்தினார்கள். 100 அடி நீளமும் 6 அடி உயரமும் உள்ள திரையை, அதாவது ஒரு படையணி அளவுள்ள இலக்கைச் சுட்டார்கள். 75 கஜ தூரத்தில் நூற்றுக்கு 60 குண்டுகள் பட்டன. 150 கஜத்தில் 40. 225 கஜத்தில் 25. வீடு போன்ற இலக்குக்கே இந்தக் கதி என்றால் தனி மனிதனைக் குறிவைப்பது எவ்வளவு கடினம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று நேரம். தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, கிண்ணியில் சிறிது மருந்திட்டு, மீதியைக் குழலில் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, விசையை இழுத்துச் சுட ஏறத்தாழ 20 நொடி ஆகும். 60 மீட்டர் தொலைவில் நிற்கும் வாள்வீரன் ஓடி வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நொடி போதும். முதல் குண்டு தவறினால் இரண்டாவதற்கு வாய்ப்பில்லை. அதன்பின் துப்பாக்கி வெறும் ஈட்டிதான். ஈட்டியை எதிர்ப்பதில் கேடயமும் வாளும் ஏந்திய வீரனுக்குப் பழக்கம் உண்டு. நம் சோழ வீரன் தொலைவில் நின்று வில்லைப் பயன்படுத்தினாலோ நிமிடத்துக்கு ஆறு அம்புகளாவது எய்வான். இரண்டு மூன்று குண்டுகளுக்கு ஆறு அம்பு.

ஆகவே தனியனும் தனியனும் மோதினால் துப்பாக்கிக்காரன் வெல்வான் என்று உறுதி கூற முடியாது. சோழ வீரன் வென்றாலும் நாம் வியப்படைய வேண்டியதில்லை.

நூறு பேரும் நூறு பேரும்

இனி இருபுறமும் நூறு பேர். நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. துப்பாக்கிக்காரர்கள் மூன்று வரிசையாக நின்று மாறி மாறிச் சுட்டால், ஏறத்தாழ ஏழு நொடிக்கு ஒருமுறை குண்டுமழை பொழியும். தனி ஒருவன் குறி தவறுவது இப்போது பெரிய குறை அன்று. எதிரே இருப்பதும் ஓர் அணிதானே. சுட்டு முடித்ததும் நூறு குத்தீட்டிகளும் வேலி போல முன்னே நீளும்.

வேறொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. நல்ல வில்லாளியை உருவாக்க ஆண்டுகள் வேண்டும். தோளும் கண்ணும் இளமை முதலே பழக வேண்டும். துப்பாக்கி அணிக்கு ஓர் ஆளைத் தயார் செய்யச் சில மாதங்கள் போதும். அவன் கற்க வேண்டியது குறிபார்ப்பதைவிட முக்கியமான ஒன்று: பக்கத்தில் நிற்பவன் விழுந்தாலும் வரிசை குலையாமல், கட்டளை வந்த பிறகே சுடுவது.

அடையாற்றில் நடந்த உண்மைச் சோதனை

இதெல்லாம் கற்பனை. ஆனால் இரு காலங்கள் உண்மையாகவே மோதிய போர் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. ஓராண்டில் வாழ்ந்தாலும் இருவேறு நூற்றாண்டுகளின் முறையில் போரிட்ட இரு படைகள் அங்கே சந்தித்தன.

1746ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்தனர். ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் சினம் கொண்டு தம் மகன் மாபூசு கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். கோட்டையிலிருந்து ஒரு சிறு பிரெஞ்சுப் பிரிவு இரண்டு பீரங்கிகளுடன் வெளியே வந்தது. ஒருமுறை வெடித்த பீரங்கி மறுமுறை வெடிக்கக் கால் மணி நேரமாவது ஆகும் என்பது நவாபின் குதிரைப்படையினர் கண்டறிந்த பழக்கம். ஆகவே முதல் வெடிக்குப் பின் அச்சமின்றி நின்றார்கள். ஆனால் இப்புதிய இலகு பீரங்கிகள் நிமிடத்துக்குப் பலமுறை வெடித்தன. குதிரைகள் சிதறி ஓடின.

அடுத்து, புதுச்சேரியிலிருந்து துணைப்படை ஒன்று வந்தது. தலைவர் பாரடி, சுவிட்சர்லாந்து நாட்டவர், பொறியாளர், முன்னர்க் காரைக்காலில் பொறுப்பு வகித்தவர். அவரிடம் இருந்தவர்கள் 230 ஐரோப்பியரும் 700 இந்தியச் சிப்பாய்களும். பீரங்கி இல்லை. அடையாற்றின் எதிர்க்கரையில் மாபூசு கானின் 10,000 பேர் பீரங்கிகளுடன் நின்றனர். பாரடியின் வீரர்கள் ஆற்றில் இறங்கி நடந்து கடந்தார்கள். கரையேறி ஒருசேரச் சுட்டார்கள். குத்தீட்டியை நீட்டிக்கொண்டு பாய்ந்தார்கள். நவாபின் படை கலைந்து மயிலாப்பூர்ச் சாந்தோம் தெருக்களில் நெருக்கியடித்து ஓடியது.

கணக்கு என்ன சொல்கிறது?

இங்கே சற்று நிற்போம். ஒரு படையின் வலிமையைக் கணக்கிட ஆங்கிலப் பொறியாளர் லாஞ்செஸ்டர் 1916இல் வெளியிட்ட நூலில் இரு விதிகளைக் கூறினார். வாளும் ஈட்டியும் கொண்டு ஒருவனை ஒருவன் எதிர்க்கும் போரில், வலிமை எண்ணிக்கையின் நேர்விகிதத்தில் அமையும். யாரும் யாரையும் தொலைவிலிருந்து தாக்கக் கூடிய போரில், அது எண்ணிக்கையின் வர்க்கத்திற்கு ஏற்ப அமையும். அதாவது 100 பேரை 200 பேர் எதிர்த்தால் வலிமை இருமடங்கு அன்று, நான்கு மடங்கு.

அடையாற்றில் 930 பேருக்கு எதிராக 10,000 பேர். விகிதம் 10.75. முதல் விதிப்படி பாரடியின் வீரன் ஒவ்வொருவனும் பத்துப் பேருக்கு மேல் ஈடாக வேண்டும். இரண்டாம் விதிப்படி 115 பேருக்கு!

ஆயுதத்தால் மட்டும் இது இயலுமா? 930 பேரும் ஒருமுறை சுட்டார்கள். பிரஷியச் சோதனையின் 60 விழுக்காடும் அப்படியே பட்டது. பட்ட ஒவ்வொரு குண்டும் ஒருவனை வீழ்த்தியது என்றே வைத்துக்கொள்வோம். விழுவோர் 558 பேர். எஞ்சியோர் 9,442 பேர்! உண்மையில் விழுந்தவர்கள் இதைவிட மிகக் குறைவாகவே இருந்திருப்பர். ஆகவே பத்தாயிரம் பேரைத் தோற்கடித்தது துப்பாக்கிக் குண்டு அன்று. முன்னணி கலைந்ததும் பின்னால் நின்றவர்கள், போரிடாமலேயே, போர் முடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு பக்கம் வரிசை குலையவில்லை. மறு பக்கம் குலைந்துவிட்டது.

வரிசை குலையாத அந்த 930 பேரில் 700 பேர் இந்நாட்டவர் என்பதை மறக்கக் கூடாது. எனவே இது வெள்ளையர் வீரத்திற்கும் நம்மவர் வீரத்திற்கும் நடந்த போட்டி அன்று. வீரம் இருபுறமும் ஒன்றே. பயிற்சி முறைதான் வேறு.

மீண்டும் காரைக்கால்: 1758

அப்படியானால் புதிய முறைப் படை எப்போதும் வெல்லுமா? பன்னிரண்டு ஆண்டு கழித்துக் காரைக்கால் இதற்கு மறுமொழி கூறியது.

1758ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரி வந்து இறங்கினார். பணமுடையால், தஞ்சை மன்னர் பிரதாபசிங் தர வேண்டிய பழைய பாக்கியைப் பிடுங்கி வரப் படையுடன் காரைக்கால் வழியாகப் புறப்பட்டார். வண்டிகளும் மாடுகளும் உணவும் முன்னதாகத் திரட்டப்படவில்லை. பசியோடு தேவிக்கோட்டை வந்த வீரர்களுக்குக் கிடைத்தது நெல். குத்தி அரிசியாக்க வழியில்லை. உலகின் சிறந்த துப்பாக்கியைத் தோளில் சுமந்தவன், ஓர் உலக்கை இன்றிப் பட்டினி கிடந்தான்.

பசித்த படை ஊர்களைச் சூறையாடியது. கீழ்வேளூர்க் கோயிலையும் கொள்ளையிட்டனர். அங்கே அர்ச்சகர் ஆறு பேரை ஒற்றர் என்று ஐயுற்றுப் பீரங்கி வாயில் வைத்துக் கொன்றனர். சுற்றுவட்டாரம் முழுவதும் பகையாயிற்று. இனி யார் அரிசி கொண்டுவந்து விற்பார்கள்?

தஞ்சைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. மதிலில் உடைப்பும் ஏற்பட்டது. ஆனால் வெடிமருந்து தீர்ந்துகொண்டே வந்தது. இறுதியில் வீரனுக்கு ஏறத்தாழ 20 தோட்டாவே எஞ்சியது. திருச்சியில் இருந்த ஆங்கிலேயர் அனுப்பிய சிப்பாய்கள் தஞ்சைக்கு உதவினர். அந்நேரத்தில் ஆங்கிலக் கப்பற்படை காரைக்காலுக்கு எதிரே காணப்படுகிறது என்ற செய்தி வந்தது. காரைக்கால் போனால் திரும்பிச் செல்லும் வழியே போயிற்று. லாலி முற்றுகையைக் கைவிடத் துணிந்தார்.

ஆகஸ்டு 10ஆம் நாள் விடியற்காலை. பிரெஞ்சுப் படையில் சேர விரும்புவதாகக் கூறி ஐம்பது தஞ்சைக் குதிரை வீரர்கள் பாசறைக்கு வந்தனர். அவர்கள் தலைவன் திடீரென லாலியின் மீது வாளை ஓங்கினான். லாலியின் கையில் அப்போது இருந்தது ஒரு தடி. அதனால் வெட்டைத் தடுத்தார். அவருடைய ஆள் ஒருவன் சுட்டதால் உயிர் தப்பினார். பீரங்கிகளின் யுகத்தில், ஒரு படையின் தலைவிதி வாளுக்கும் தடிக்கும் நடுவே ஒரு நொடி தொங்கியது. பின் படை பசியும் தாகமுமாக, தஞ்சைக் குதிரைப்படை துரத்த, காரைக்காலுக்குப் பின்வாங்கியது. 1760ஆம் ஆண்டில் காரைக்காலே ஆங்கிலேயர் வசமாயிற்று.

துப்பாக்கி அதே துப்பாக்கி. பயிற்சியும் அதே பயிற்சி. அடையாற்றில் வென்றது, தஞ்சையில் தோற்றது.

வினாவைத் திருத்துவோம்

அறிவியலில் ஒரு சோதனை செய்யும்போது, எவை மாறுகின்றன, எவை மாறாமல் வைக்கப்படுகின்றன என்பதை முதலில் குறித்துக்கொள்கிறோம். "யார் வெல்வார்?" என்னும் வினாவுக்கும் அது பொருந்தும். எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள்? தனியாகவா, அணியாகவா? எத்தனை தோட்டா, எத்தனை அம்பு? வானிலை என்ன? வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. சுத்திகரிக்கப்படாத வெடியுப்பு ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி அடைமழையில் கிண்ணியில் உள்ள மருந்து நனைந்தால் துப்பாக்கி ஊமையாகும். வில்லின் நாணும் நனைந்தால் தளரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுக்கு நாளைக்குச் சோறு யார் கொடுப்பது?

கடாரம் சென்ற சோழ வீரனுக்கும் இக்கேள்வி இருந்தது. கப்பலில் அரிசியும் குடிநீரும் ஏற்றியவர்கள், காற்று திரும்பும் மாதத்தை அறிந்த மாலுமிகள், நெல் விளைவித்த காவிரிக்கரை உழவர்கள் ஆகிய அனைவரும் சேர்ந்தே அவனை வெல்லச் செய்தனர். அவர்களை விட்டுவிட்டு அவனை மட்டும் காலத்தைக் கடந்து தூக்கி வந்து மணலில் நிறுத்தினால், அவன் பாதி வீரன்தான். துப்பாக்கிக்காரனும் அவ்வாறே.

அடுத்த முறை நண்பர்களிடையே இவ்வாதம் எழுந்தால், வாளையும் துப்பாக்கியையும் ஒப்பிடுவதற்கு முன், இரு படைகளின் உணவு வண்டிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேவிக்கோட்டையில் நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு பசித்திருந்த வீரன் அதைத்தான் சொல்வான்.