வலிப்பு மாத்திரை போட்டும் ஃபிட்ஸ் வருதா? 'டிரக் லெவல்' டெஸ்ட் சொல்வது என்ன?

வலிப்பு நோய்க்கு தினமும் மாத்திரை சாப்பிட்டும் சிலருக்கு ஃபிட்ஸ் நிற்பதில்லை. வேறு சிலருக்கு அதே மாத்திரையால் தலைசுற்றல், தள்ளாட்டம் வருகிறது. இரண்டுக்கும் டாக்டர்கள் எழுதித் தருவது 'டிரக் லெவல்' ரத்தப் பரிசோதனை.

எவ்வளவு இருக்கணும்?

ஒரு மில்லி லிட்டர் பிளாஸ்மாவில், மைக்ரோகிராம் கணக்கில்:

* பெனிடாயின்: 10 - 20
* கார்பமாசெபைன்: 4 - 12
* வால்ப்ரோயேட்: 50 - 100

இது பொதுவான அளவுகோல்தான். இதற்குக் கீழே இருந்தும் ஃபிட்ஸ் வராமல் நன்றாக இருப்பவருக்கு, ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து டோஸைக் கூட்ட வேண்டியதில்லை.

பெனிடாயின் என்றால் ஏன் உஷார்?

இந்த மருந்தைக் கல்லீரல் ஓர் எல்லைக்கு மேல் வேகமாக உடைக்காது. 300 மி.கி. டோஸை 400 ஆக்கினால், ரத்த அளவு சிலருக்கு இரண்டு மடங்கைக்கூட தாண்டலாம். பொதுவாக 20-ஐத் தாண்டினால் கண்மணி துடிக்கும். 30-ஐத் தாண்டினால் நடை தள்ளாடும். 40-க்கு மேல் குழப்பம், அரை மயக்கம்.

டிபி மருந்தான ஐசோனியசிட் இந்த அளவை ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும். ரத்தத்தில் அல்புமின் குறைந்தவர்களுக்கு ரிப்போர்ட் நார்மலாகத் தெரிந்தாலும், வேலை செய்யும் மருந்து அதிகமாக இருக்கலாம்.

பிரிஸ்பேனில் நடந்தது என்ன?

1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பெனிடாயின் சாப்பிட்ட பலருக்கு நச்சு அறிகுறிகள் வந்தன. டோஸ் மாறவில்லை. கேப்ஸ்யூலில் நிரப்பப்படும் கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்திருந்தார்கள். அதனால் மருந்து உடலில் கூடுதலாகச் சேர்ந்தது. பிராண்டை மாற்றும் முன் டாக்டரிடம் கேட்கச் சொல்வது இதனால்தான்.

எப்போது ரத்தம் கொடுக்கணும்?

* காலை மாத்திரை போடும் முன். அப்போதுதான் அளவு மிகக் குறைவாக இருக்கும்.
* பெனிடாயின் டோஸ் மாறினால் 1 முதல் 3 வாரம் கழித்து.
* தள்ளாட்டம், குழப்பம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே.
* கடைசி மாத்திரை போட்ட நேரத்தை லேபில் சொல்லணும்.

சில ஜெல் டியூப்கள் மருந்தை உறிஞ்சி அளவைக் குறைத்துக் காட்டும். அதனால் பல லேப்கள் ஜெல் இல்லாத டியூபில் எடுக்கின்றன.

ரிப்போர்ட்டில் அளவு கூடவோ குறையவோ இருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. திடீரென நிறுத்தினால் ஃபிட்ஸ் நிற்காமல் தொடர்ந்து வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.